ஜாதகம் பார்க்காத வீடு

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி வாய் மூடுவதற்குள்ளேயே அமுதவள்ளிக்குத் தெரிந்துவிட்டது, சொல்லக்கூடாத பொய்யைச் சொல்லிவிட்டோம் என்று.

அண்ணன் காசிமாயன் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார். கேட்டு என்ன, வினோத்குமாருக்கு ரேணுகா என்பது ரேணுகா தொட்டிலில் கிடந்த நாளிலேயே முடிவான பேச்சு. பரிசம் போட நாள் குறிக்கத்தான் குரங்கணியிலிருந்து மதினியையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் இறங்கி வந்திருந்தார். போடியில் தங்கச்சி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தார். முகம் என்றால் முகத்தைச் சுற்றிய துண்டை.

"ஜாதகமா? நம்ம வீட்டுல எவனுக்கு ஆத்தா ஜாதகம் பாத்தோம்? அப்பன் சொந்த அக்கா மகளக் கட்டுனாரே, பொருத்தம் பாத்தா கட்டுனாரு? முறைப்பொண்ண முறைப்பையன் கட்டுறான். இதுல சோசியக்காரனுக்கு என்ன சோலி?"

அமுதவள்ளி காப்பி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். மதினி சந்திரவல்லிதான் எடுத்துக்கொடுத்தாள்.

"இதுகூடப் புரியலையா ஒங்களுக்கு? பொண்ணு மதுரையில படிச்சுட்டு வந்துருக்கு. நம்ம பய ஜீப்பு ஓட்டுறான். அத நேரா சொல்லக் கூசுது, சோசியக்காரன் வாயில வச்சுப் பேசுது. எந்திரிங்க."

வைத்த காப்பி அப்படியே இருந்தது. ஜீப்பு கிளம்பும் சத்தம் கேட்டது. இப்படி ஒரு சொல்லை அண்ணன் கேட்டுக்கொண்டு போகும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு உடம்பே குன்றிப்போனது. கணவன் செத்தபோது ரேணுகா கைப்பிள்ளை. இருவரையும் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் அண்ணன். தன் மகனுக்கு ஒரு சட்டை எடுத்தால் ரேணுகாவுக்கு ஒரு பாவாடை எடுப்பார்.

அமுதவள்ளிக்கு ஏலத்தோட்டத்து வேலை. விடிந்ததும் ஜீப்பில் அடைத்துக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போய், பொழுது சாயக் கீழே இறங்கும் கூட்டத்தில் ஒருத்தி. மூக்கும் வாயும் மறைய, கண் மட்டும் தெரியத் துண்டு சுற்றி, நடு வரிசையில்தான் உட்காருவாள்.

"ஏத்தா, காய் எடுக்கப் போறியா, மாப்பிள்ளைக்கு மொகத்தக் காட்டப் போறியா? இம்புட்டு வெக்கப்படுற?" என்பாள் கூட வரும் ஜக்கம்மாள்.

"ஏலக்காய் கண்ணு வச்சிரும்க்கா" என்று இவளும் சிரித்து வைப்பாள். துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேலி செய்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இருபது வயதுக்கு மேல், அண்ணன் வீட்டில் இருந்த நாளில்தான் ஆரம்பித்தது. கன்னத்திலும் கழுத்திலும் எள்ளைத் தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளி, அதற்கு இடையிடையே வெள்ளை. மங்கு விழுந்திருக்கிறது, சனி போனால் போய்விடும் என்றார்கள். போகவில்லை. வெள்ளைதான் வீட்டைப் பயமுறுத்தியது. வெண்குட்டம் என்று பேராகிவிட்டால் அந்த வீட்டில் எவன் பெண் எடுப்பான், எவன் கொடுப்பான்? தோட்டத்தில் அடிக்கிற மருந்துதான் முகத்தைக் கெடுத்துவிட்டது என்று காசிமாயன் தீர்மானம் பண்ணி, அவளை மலைவேலையிலிருந்து நிறுத்தினார். வைத்தியர் ஒருவர் பேச்சைக் கேட்டு, கார்போக அரிசி என்கிற மருந்து விதையை அரைத்துத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். பூசிக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டும், உச்சி வெயிலானால் இன்னும் நல்லது. எரியுதுண்ணே என்று அவள் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தால், "எரிஞ்சாத்தான் கேக்கும், போத்தா" என்று திருப்பி ஏற்றிவிடுவார். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் போனது. அதற்கு அடுத்த கோடையும். கேட்கவில்லை என்றான பிறகுதான் மறுபடி மலைக்குப் போனாள். ஏலச்செடிக்கு மேலே மரங்கள் கவிந்து வெயிலை வாங்கிக்கொள்ளும். அந்த நிழலில் நின்றால் முகத்துக்கு இதமாக இருக்கும். ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

நாற்பதைத் தாண்டியபின் மூக்கில் ஒரு புண். ஆறவில்லை. மதுரையில் வெட்டி எடுத்துப் புற்று என்றார்கள். பிறகு உதட்டில் ஒன்று. அப்போதுதான் அந்தப் பெண் டாக்டர் அவளுடைய ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று ரேணுகாவையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். இது தொட்டால் ஒட்டுகிற நோயில்லை. சாபமில்லை, மருந்தடித்ததால் வந்ததுமில்லை. வெயில் பட்டால் எல்லோர் உடம்பிலும் மரபுச்சரம், அதாவது டி.என்.ஏ., அங்கங்கே பழுதாகும். உடம்பு அதைப் பிரதி எடுத்துக்கொண்டே வரும்போது பழுதான இடத்தில் திக்கி நிற்கும். அந்த இடத்தைப் பிசகில்லாமல் தாண்டி எழுத ஒரு நொதி உண்டு. அதை உண்டாக்கும் மரபணு அமுதவள்ளியிடம் கெட்டிருக்கிறது; அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் அம்மாவிடமிருந்து வந்த பிரதியும், இரண்டுமே.

"அப்பா அம்மா சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார். அமுதவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை நாள் பெருமையாகச் சொல்லிவந்த பதில் அது.

ரேணுகாவின் அப்பா அசல், ரத்த சொந்தமில்லை. அதனால் அவளுக்கு ஒரு நல்ல பிரதி இருக்கிறது, நோய் வராது. கெட்டது ஒன்றும் கட்டாயம் இருக்கும். கட்டிக்கொள்கிறவனிடமும் அதே கெட்டது இருந்தால் பிறக்கிற பிள்ளைக்கு வரலாம். "சொந்தத்துல செய்யறதா இருந்தா பையனுக்கு ரத்தம் பாத்துட்டுச் செய்யுங்கம்மா" என்றார் டாக்டர். அவ்வளவுதான் விஷயம். பையனுக்கு ரத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் வெயிலைச் சொல்ல வேண்டும். வெயிலைச் சொன்னால் மொட்டை மாடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதனால்தான் ஜாதகம்.

இரண்டு நாள் அவள் மலைக்கும் போகவில்லை. "மாமா நம்மளத் தப்பா நெனைச்சுட்டுப் போயிட்டாரும்மா. நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள் ரேணுகா. அமுதவள்ளி துண்டைச் சுற்றி, குடையை எடுத்துக்கொண்டு குரங்கணி பஸ்சில் ஏறினாள்.

காசிமாயன் வீட்டு முன்னால் ஜீப்பின் மூடியைத் தூக்கி வைத்து, உள்ளே தலையை விட்டிருந்தார். வா என்று சொல்லவில்லை.

"என்ன, சோசியக்காரன் வேற எதுவும் சொல்லிவிட்டானா?"

"சோசியக்காரனே இல்லண்ணே. பொய் சொன்னேன்."

அவர் தலையை வெளியே எடுத்தார். அவள் ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள். மூக்கில் தோல் ஒட்டுப்போட்டிருந்த இடத்தையும், ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட உதட்டையும் அவர் பகல் வெளிச்சத்தில் இப்போதுதான் பார்க்கிறார். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

டாக்டர் சொன்ன மாதிரி அவளுக்குச் சொல்ல வரவில்லை. தெரிந்த மாதிரி சொன்னாள்.

"மழை பேஞ்சா மலையில ரோடு இடிஞ்சு போகுதுல்லண்ணே, எல்லா ஜீப்பும் அங்கனயே நின்னுரும். நீ ஒருத்தன்தான் ஓரத்துல ஏத்தி, லோடு சிந்தாம அந்தப் பக்கம் கொண்டுபோவ. ஒடம்புக்குள்ளயும் அப்பிடி ஒரு டிரைவர் இருக்கானாம். வெயிலு ரோட்டக் கெடுக்கக் கெடுக்க, அவன் தாண்டிப் போய்க்கிட்டே இருப்பான். எங்கிட்ட அந்த டிரைவர் இல்லையாம். கண்டவன் ஏறி ஓட்டி லோடக் கொட்டிர்றான். அதுதான் இந்தப் புண்ணு."

பிறகு அப்பா அம்மாவைச் சொன்னாள். ரேணுகாவைச் சொன்னாள். வினோத்தின் ரத்தத்தைச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"வெயிலா கெடுக்குது?"

"ம்."

"அப்ப நான் மாடியில உக்கார வச்சது?"

"அது வேறண்ணே" என்றாள் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு.

"பொய் சொன்னா நீ அந்தப் பக்கம்தான் பாப்ப. சின்னப்பிள்ளையிலருந்து."

அவர் ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். ஸ்பேனரைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "எரியுதுன்னு சொன்னியே" என்றார் தரையிடம். சோதனை முடிவு வந்த நாளிலிருந்து ஒருத்தியாகச் சுமந்தது இன்னொருவர் தலைக்கும் போய்விட்டது என்று அவளுக்குள் ஒரு மூலையில் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து, முகத்துக்குக் கூசியதைவிட அதிகமாகக் கூசினாள்.

சந்திரவல்லி வாசலுக்கு வந்தாள். துண்டில்லாத முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் கேட்காமல் விடவில்லை.

"என்ன, ஜாதகம் பொருந்திருச்சாக்கும்?"

"இனிமேத்தான் பாக்கணும்" என்றார் காசிமாயன். "நம்ம வீட்டு ஜாதகம் ரத்தத்துல இருக்காம். பயல வெரசா வரச் சொல்லு, மதுரைக்குப் போகணும். எனக்கும் சேத்தே எடுக்கட்டும்."

"பொருந்தலைன்னா?"

"பொருந்தலைன்னா அவ எந்தங்கச்சி மக. நல்ல எடமாப் பாத்து நானே நின்னு செஞ்சு வைக்கிறேன்."

எழுந்து, மூடியை இறக்கிச் சாத்தினார். பின்பக்கம் வந்து, சுருட்டிக் கட்டியிருந்த படுதாவை அவிழ்த்து, அவள் மேல் வெயில் விழுந்துகொண்டிருந்த பக்கம் இறக்கிவிட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினார். கட்டி முடிக்கிறவரை அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளும் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றைக் கட்டும் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.