கோத்தகிரிக்குப் போன ஃப்ளாப்பி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பியூன் வாசலில் வந்து நின்றார்.

"சார், கோத்தகிரியிலருந்து ட்ரங்க் கால். வெரசா வாங்க, லைன் போயிரும்."

கையில் சாக்பீஸோடு ஓடினேன்.

பேசியவர் சேவியர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்காகக் கோத்தகிரியில் ஒரு சின்ன சேவை அலுவலகம் நடத்துகிறவர். யாரோ ஒரு வெளிநாட்டுப் புண்ணியவான் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார். அதில் ஓட்டுவதற்காக நான் எழுதிய ஒரு ப்ரோக்ராமை ஃப்ளாப்பியில் ஏற்றி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, 'மடக்காதீர்' என்று நாலு மூலையிலும் எழுதித் தபாலில் அனுப்பியிருந்தேன்.

"சார், பத்திரமா வந்து சேர்ந்துச்சுங்க. நீங்க எழுதித் தந்த மாதிரியே அடிச்சோம். பேட் கமாண்ட்னு சொல்லுது."

"இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்களேன்."

"பதினாலு தடவை அடிச்சாச்சுங்க. அதுவும் சளைக்காம பதினாலு தடவை அதையேதான் சொல்லுது."

மூன்று நிமிஷம் முடிந்தது. லைன் போனது. கூடவே என் கௌரவமும்.

அப்படி என்ன பெரிய ப்ரோக்ராம் என்று கேட்கிறீர்களா? அதற்கு முதலில் செல்லம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்லம்மா கொடைக்கானலில் எங்கள் ஸ்கூல் ஹாஸ்டல் சமையலறையில் வேலை செய்கிறார். தினமும் வெள்ளனே எழுந்து வில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவோடும் வீட்டுக்காரரோடும் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். கொஞ்ச நாள் மண்டபம் முகாம். அப்புறம் மலையடிவாரத்தில் ஒரு காப்பித் தோட்டம். அப்புறம் பூண்டியில் பூண்டு, கேரட் காடுகளில் கூலி வேலை. கடைசியில் இங்கே.

கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை, லெட்சுமி. அவளுக்கு அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டது. அதனால் புருஷன் குடும்பத்தோடு தனி விண்ணப்பம், தனி கப்பல். இரண்டு வருஷம் கழித்து அவளும் இந்தியாவுக்கு வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்களாம். அதற்குள் செல்லம்மா இரண்டு இடம் மாறியாகிவிட்டது. எந்த விலாசத்துக்கு யார் கடிதம் போட்டார்களோ... எதுவும் வந்து சேரவில்லை.

"அங்கன அடுத்த லயத்து வீட்லதான் சாரு இருந்தா. இங்கருந்து கூப்பிட்டா அங்க கேக்கும். ஒரே நாட்டுக்கு வந்தோம், காணாமப் போயிட்டா" என்பார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

போன வருஷம் எங்கள் ஸ்கூலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு வாத்தியார் என்ற ஒரே குற்றத்துக்காக அதை என் தலையில் கட்டினார்கள். பேசிக் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு, மார்க் லிஸ்ட் போட ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். ஒருநாள் டீ கொண்டுவந்த செல்லம்மா, மாணவர்களின் பெயர்கள் அகர வரிசையில் தானாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாரு, இது பேரைத் தேடுமா?"

"தேடுமே."

"அப்ப என் தங்கச்சியத் தேடச் சொல்லுங்க."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

விசாரித்ததில் கிடைத்தவர்தான் கோத்தகிரி சேவியர். அவரிடம் பதினேழு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. வந்த குடும்பம் எது, அங்கே எந்தத் தோட்டம், இங்கே இப்போது எங்கே, யாரைத் தேடுகிறார்கள் - எல்லாம் வரிசை வரிசையாக. ஆனால் ஒரு பெயரைத் தேடவேண்டுமென்றால் பதினேழையும் புரட்ட வேண்டும். பெயர்களோ ஆங்கிலத்தில், எழுதிய குமாஸ்தாவின் இஷ்டப்படி. லெட்சுமி என்ற ஒரு பெயரையே ஆறு விதமாக எழுதியிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! எழுத்து எப்படி இருந்தாலும் உச்சரிப்பு ஒன்றாக இருக்கிற பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். மூன்று மாத சனிக்கிழமைகள்.

அதைத்தான் கோத்தகிரி கம்ப்யூட்டர் 'பேட் கமாண்ட்' என்று தள்ளிவிட்டது.

காரணம் அப்புறம் புரிந்தது. பேசிக் பாஷை கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல கூடவே இன்னொரு ப்ரோக்ராம் இருக்க வேண்டும். அது எங்கள் ஸ்கூல் மெஷினில் இருந்தது. சேவியரின் மெஷினில் இல்லை. அதைத் தனியாக வாங்கலாம் என்றால், எங்கே கிடைக்கும் என்று கூட எனக்குத் தெரியாது. கொடைக்கானலில் யாரைப் போய்க் கேட்பது? குதிரைக்காரரையா?

கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

அந்த வாரமே ஒரு மாலை, ஏரிக்கரையில் குதிரைகள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் - "ஃப்ளாப்பி முழுக்கப் போச்சு. ஆனா நான் என்ன பண்ணேன் தெரியுமா..."

திரும்பினேன். ஒரு இளைஞர். பக்கத்தில், கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு ஒரு பெண், வேர்க்கடலையைத் தின்றபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தேனிலவுக்கு வந்து பெண்டாட்டியிடம் ஃப்ளாப்பியைப் பற்றிப் பேசுகிற மனுஷரை விடலாமா? வெட்கத்தை விட்டுப் போய் நின்றேன்.

முரளி. மதுரையில் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவு. மனைவி சுமதி. கல்யாணமாகி ஒன்பது நாள். இன்னும் இரண்டு நாள் கொடைக்கானல், அப்புறம் ஊர்.

என் கதையைக் கேட்டதும் முரளி, "இவ்வளவுதானே சார்? கம்பைல் பண்ணி எக்ஸிகியூட்டபிள் ஃபைலா மாத்திடணும். மொழிபெயர்க்கிற வேலையெல்லாம் இங்கேயே முடிஞ்சிரும். எந்த மெஷின்ல போட்டு ப்ரோக்ராம் பேரை அடிச்சாலும் தானா ஓடும்" என்றார்.

"அதுக்கு என்ன வேணும்?"

"கம்பைலர்னு ஒரு ப்ரோக்ராம். என்கிட்ட இருக்கு. ஆனா மதுரையில இருக்கு..."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றார் சுமதி. "ஃபோன் பண்ணி பஸ்ல குடுத்துவிடச் சொல்லுங்க. அந்தம்மா தங்கச்சியைத் தேடுறாங்கல்ல?"

மறுநாள் காலை மதுரை பஸ் டிரைவர் ஒரு பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்து, "பலகாரமா சார்? ஆட்டாமக் கொண்டாரச் சொன்னாங்க" என்றார். உள்ளே மூன்று ஃப்ளாப்பிகள்.

புதுமணத் தம்பதி கொடைக்கானலில் தங்கள் கடைசி நாளை எங்கள் கம்ப்யூட்டர் ரூமில் கழித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். ஹீட்டர் போட்டால் ஃப்யூஸ் போகும் என்பதால் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தோம்.

முதல் முறை கம்பைல் செய்ததும் ஸ்க்ரீன் நிறைய தப்புகள். முப்பத்தொன்று! மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தபோது பூசி மெழுகிக்கொண்டு ஓடியதெல்லாம், கம்பைலரிடம் பலிக்கவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தவன் நான்... அன்றைக்கு எனக்கு நடந்தது.

"ஒவ்வொண்ணா வாங்க சார்" என்றார் முரளி. மத்தியானத்துக்குள் முப்பத்தொன்றையும் திருத்தினோம்.

கடைசிக் கட்டளையை அடிக்கப் போகிற நேரம். பின்னால் சுமதியும் செல்லம்மாவும் சேவியர் மாதிரிக்காக அனுப்பியிருந்த நோட்டுப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் சுமதி. "பேரை வச்சு இது எப்படித் தேடும்?"

"பேரு, அப்பா பேரு, தோட்டம். மூணும் ஒத்துப்போனா காட்டும்."

"இவங்க தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிருச்சே?"

"ஆமா."

"அப்ப அப்பா பேரு எங்க சார் இருக்கும்? புருஷன் பேருல்ல இருக்கும்? போன வாரம் வரைக்கும் நான் பி. சுமதி. முந்தாநாள் லாட்ஜ் ரெஜிஸ்டர்ல இவரு எம். சுமதின்னு எழுதறாரு. யாராச்சும் என்னை இப்பத் தேடினா, உங்க ப்ரோக்ராம் நான் இல்லேன்னுதானே சொல்லும்?"

நானும் முரளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்று மாதம் எழுதியிருக்கிறேன். கல்யாணமான எந்தப் பெண்ணையும் அது கண்டுபிடித்திருக்காது. செல்லம்மாவின் தங்கையை நிச்சயமாகக் கண்டுபிடித்திருக்காது. தேடச் சொன்னதே அவளைத்தான்!

"பேசாம அம்மா பேரைக் கேளுங்களேன்" என்றார் சுமதி. "அது மாறாதுல்ல? இந்த நோட்டுலயே தாய் பேருன்னு ஒரு கட்டம் இருக்கே."

இருந்தது. கம்ப்யூட்டரில் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்தக் கட்டத்தை வேண்டாம் என்று விட்டவனும் நான்தான்.

"செல்லம்மா, உங்க அம்மா பேரு என்ன?" என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

"பேச்சியம்மா சாரு. பூண்டில இருக்கப்பதான் தவறிப்போச்சு. லெட்சுமி எங்கன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு."

முரளி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தாய் பெயரைச் சேர்த்து, பிறந்த தோட்டத்தோடு பொருத்தித் தேடும்படி மாற்ற மேலும் மூன்று மணி நேரம் ஆனது. "நல்லவேளை சார், சுமதி இப்பவே சொன்னா" என்றார் முரளி. "எக்ஸிகியூட்டபிள் ஆக்கி அனுப்பின பிறகு கோத்தகிரியில யாரும் உள்ள கைவைக்க முடியாது. தப்புன்னு தெரியாமலே ஓடிக்கிட்டு இருந்திருக்கும்."

கம்பைல் செய்தோம். முதலில் உருவானது கூடவே இன்னொரு ஃபைலையும் கேட்டது. முரளி விடவில்லை, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஃபைலாக்கினார். பிறகு பேசிக் இருந்த ஃப்ளாப்பியை உருவி என் பாக்கெட்டில் வைத்துவிட்டு மெஷினை அணைத்து மறுபடி போட்டார்.

"இப்ப ப்ரோக்ராம் பேரை அடிங்க."

அடித்தேன். ஓடியது! செல்லம்மா கைதட்டினார்.

சாயங்கால பஸ்ஸில் அவர்கள் கிளம்பினார்கள். எவ்வளவு சொல்லியும் எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். கம்பைலர் டப்பா முரளியின் மடியில். எனக்கு நன்றி சொல்ல வாய் வருவதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

புது ஃப்ளாப்பி கோத்தகிரி போனது. சேவியரும் அவர் ஆபீஸ் பெண்ணும் இரண்டு வாரம் உட்கார்ந்து பதினேழு நோட்டையும் அடித்து ஏற்றினார்கள். போன வாரம் மறுபடி ட்ரங்க் கால்.

"சார், ஓடுதுங்க! செல்லம்மா தங்கச்சி கெடைச்சுட்டாங்க. கூடலூர்ப் பக்கம், தேயிலைத் தோட்டத்துலதான் இருக்காங்க. தாய் பேரு பேச்சியம்மா, தோட்டமும் அதேதான். ஒன்பதாவது நோட்டு சார். யாரைத் தேடுறாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல என்ன எழுதியிருக்கு தெரியுங்களா? 'அக்கா செல்லம்மா.' நாலு வருஷம் முன்னாடி என் கையாலதாங்க எழுதியிருக்கேன்."

இந்த முறை மூன்று நிமிஷம் முடிவதற்கு முன்னால் நான்தான் ஃபோனை வைத்தேன்.

சமையலறைக்குப் போனேன். செல்லம்மா கேரட் சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எங்கே, எப்படி என்று அவர் எதுவும் கேட்கவில்லை.

"அவளும் தேடுனாளா சாரு?"

"நாலு வருஷமா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம்மேல கோவமாக்கும், அதான் கடுதாசி போடலைன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

தொலைந்து போவதைவிட அதுதான் பெரிய கஷ்டம் இல்லையா? ஆள் இல்லை என்பதை எப்படியோ தாங்கிக்கொள்கிறோம். நம்மை வேண்டாம் என்று விட்டுவிட்டார்களோ என்பதைத்தான் தாங்க முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போயிருந்தேன். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்து, கொஞ்சம் தள்ளியே நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"என்னாக்கா, இப்படி நரைச்சுப் போச்சு?"

"ஒனக்கு மட்டும் என்னவாம்?"

பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு வில்பட்டி பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். பத்தடி போனதும் லெட்சுமி ஏதோ கேட்டார். செல்லம்மா நின்றார். தங்கையின் தோளில் கையை வைத்தார். அம்மா எங்கே என்றுதான் கேட்டிருப்பார். பை கீழே விழுந்தது. நான் திரும்பிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் மனுஷர்களின் வேலையைத் தின்றுவிடும் என்று இந்தப் பத்தியைப் படித்துவிட்டு வாராவாரம் எனக்குக் கோபமாக எழுதுகிற வாசகர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ப்ரோக்ராம் என்ன செய்தது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

நேற்று சேவியர் கடிதம் எழுதியிருந்தார். இன்னும் இரண்டு குடும்பங்கள் கிடைத்திருக்கின்றனவாம். கடைசியில் ஒரு வரி - 'ப்ரோக்ராமைத் திறந்ததும் முதலில் உங்கள் பேர்தான் சார் வருகிறது. தினமும் வாயார வாழ்த்துகிறோம்.'

படித்ததும் சுருக்கென்றது. ஆரம்பத்தில் 'எழுதியவர்' என்று என் பெயரை மட்டும் போட்டு வைத்திருந்தேன். இப்போது அதை மாற்ற முடியாது. எக்ஸிகியூட்டபிள் ஆகிவிட்டது, கம்பைலரும் மதுரைக்குப் போய்விட்டது.

ஆனால் இந்தப் பக்கம் என் கையில் இருக்கிறது. எழுதியவர்: சுமதி. உதவி: முரளியும் நானும்.