பிடிவாதக்காரி என்று நினைத்த பிள்ளை

சீதாவுக்குச் சொந்த ஊர் திசையன்விளை. வாழ்க்கைப்பட்டது தி.நகரில். கணவர் அய்யாதுரை ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். தொண்ணூற்றைந்தில் அவர்களுடைய ஒரே மகள் ஷண்முகப்ரியாவுக்கு மூன்றரை வயது. காது நன்றாகக் கேட்டது, சொன்னதெல்லாம் புரிந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. உதட்டைக் குவித்து, வாயைக் கோணி, எதையோ தேடுவதுபோல் நாக்கைப் புரட்டுவாள். கடைசியில் 'ஆ' என்று ஒரு சத்தம்தான் வரும்.

வசம்பை உரசி நாக்கில் தடவிப் பார்த்தார்கள். ஊரிலிருந்து வந்த நாத்தனார் பத்து நாள் தங்கிப் பார்த்துவிட்டு, கேட்கும் முன்பே எல்லாம் கைக்கு வந்துவிட்டால் பிள்ளை எதற்குப் பேசும், வாயைத் திறந்து கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீதா அப்படியே செய்தாள். சித்திரை மாதத்து மத்தியானம். விளையாடிவிட்டு வந்த பிள்ளை தண்ணீர்ப் பானையைக் காட்டியது. சீதா தம்ளரில் மொண்டு உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணின்னு சொல்லுட்டி. சொன்னாத்தான் தருவேன்."

பிரியா முயன்றாள். ஒருமுறை 'ந' வந்தது, மறுமுறை 'ப' வந்தது, அடுத்த முறை காற்றுதான். அழுதாள், காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் சீதா இறங்கி வரவில்லை. பிள்ளை சிமெண்டுத் தரையில் அப்படியே படுத்துத் தூங்கிப்போனது. எழுந்த பிறகு சீதாவே கொடுத்தபோது குடித்தது. ஆனால் அன்றிலிருந்து பானையைக் கை காட்டுவதையும் விட்டுவிட்டது. பசித்தாலும் தாகமெடுத்தாலும் கேட்கவில்லை. பத்தாம் நாள் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலில் துடித்தாள், பிறகு காய்ச்சல்.

காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர்தான் பிள்ளையின் வாயைக் கவனித்து அடையாறில் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே வஜீஹா என்ற இளம்பெண் இரண்டு நாள் பிரியாவோடு விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இது பிடிவாதம் இல்லம்மா. என்ன சொல்லணும்னு அவளுக்குத் தெரியும். நாக்கையும் உதட்டையும் எப்படி அசைக்கணும்ங்கிற கட்டளை மூளையிலேர்ந்து சரியா போய்ச் சேரல. மிரட்டினா இன்னும் குழம்பிடும்."

சீதா தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்ததைச் சொன்னாள். வஜீஹா குனிந்து பிரியாவின் செருப்பு வாரை மாட்டிவிட்டாள்.

வாரம் இரண்டு நாள் அடையாறுக்கு பஸ். வீட்டில் கண்ணாடி முன்னால் மா, மீ, மூ என்று நூறு தடவை, இருநூறு தடவை. அய்யாதுரை இதில் சேரவில்லை. தன் தம்பி கல்யாணத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது என்றார். சீதா பிள்ளையோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டார்கள். பிரியா வாயைக் கோணுவதைப் பார்த்து, பேச்சு வந்த பிறகு கூட்டிவாருங்கள் என்று கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள்.

ஏழு வயதில் மூன்று சொல் சேர்த்துப் பேசினாள். அந்நியருக்குப் பாதி புரியும். அப்போதுதான் அய்யாதுரைக்கு மகளைப் பேசவைத்துக் காட்ட ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் வந்திருந்தபோது மகளைக் கூடத்தில் நிறுத்தினார்.

"எம் பொண்ணு இப்ப பேசுதா, கேளுங்க. ஏட்டி, திருநெல்வேலின்னு சொல்லு."

சொன்னாள். சிதறி வந்தது. ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அய்யாதுரையும் சிரித்தபடி இன்னொரு தரம் என்றார்.

"மாட்டேன்," என்றாள் பிரியா.

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. சிரிப்பு நின்றது. அய்யாதுரை கை ஓங்கி அறைந்தார். சீதா பிள்ளையை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். கன்னத்தைத் தடவியபடி, இன்னொரு தடவை அந்த 'மாட்டேனை'ச் சொல்லச் சொல்லிக் கேட்க நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சீதா வஜீஹாவிடம், 'மாட்டேன்' என்று பிள்ளைக்குப் புதுச் சொல் ஒன்று வந்திருக்கிறது என்றாள். வஜீஹா நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, யார் பழக்கினது என்று கேட்டாள். பிரியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நான்கு விரல் தடம் இன்னும் தெரிந்தது.