மூன்று நாள் நான் சொல்லாத அர்த்தம்

சில வருடங்களுக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். நான் சேர்ந்து ஐந்து வருடம் கழித்து, சென்னையில் படித்த ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இங்கிலீஷில் பொளந்து கட்டுவாள். சீனியர் வாயைத் திறந்தாலே அவள் புகழ்தான். எனக்கு வயிறு எரியும்.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு பெண்ணைத் தோட்டத்து மேற்பார்வையாளன் பலாத்காரம் செய்த வழக்கு எங்களிடம் இருந்தது. விசாரணை முடியும்வரை அவளுக்காக ஓடியாடியவள் நான். அவனுக்குப் பத்து வருடம் தண்டனை கிடைத்தது. அவன் மதுரை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டான். அங்கே அரசு வக்கீலுக்குத் துணையாக, அந்தப் பெண்ணின் சார்பில் ஆஜராகச் சீனியர் தேர்ந்தெடுத்தது புதியவளை. என்னிடம், "நீ ஆபீஸைப் பாத்துக்கோ" என்றார்.

அப்பீல் விசாரணைக்கு நான்கு நாள் முன்பு, புதியவள் கேஸ் கட்டோடு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, இந்த ஒரு இடம்தான் இடிக்குது. நடந்ததை மறைச்சு வச்சேன்னு அந்தம்மாவே சாட்சி சொல்லியிருக்காங்க. எதிர்த்தரப்பு இதையேதான் பிடிச்சுத் தொங்குது."

வாங்கிப் பார்த்தேன். எதிர்த்தரப்பு கொடுத்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்படித்தான் இருந்தது. ஆனால் தமிழில் பதிவாகியிருந்தது 'ஒச்ச வச்சேன்' என்று. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்குக் கூச்சல் போட்டேன் என்று அர்த்தம். மொழிபெயர்த்தவர் அதை 'ஒளிச்சு வச்சேன்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். சென்னைக்காரிக்கும் அது பிடிபடவில்லை.

ஒரே நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். "வாதாடப் போறது நீதானே, நல்லாப் படிச்சுப் பாரு" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மதுரையில் அவள் திணறி நிற்பதை நினைத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் இனித்தது.

மூன்று நாள் கழித்து, விசாரணைக்கு முந்தின மத்தியானம், அந்தப் பால்வெட்டுப் பெண் என்னைத் தேடி வந்தாள்.

"வக்கீலம்மா, நாளைக்கி என்ன ஆவும்? அண்ணைக்கி நான் வச்ச ஒச்ச ஒரு மனுசனுக்கும் கேக்கல்ல. கோர்ட்டுல சொன்னதாவது எழுதி இருக்குல்லா? அது போரும் எனக்கு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டு நேராக உள்ளே போய், புதியவளிடம் அந்த அர்த்தத்தைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்."

கேஸ் கட்டில் அந்தப் பக்கத்துக்கு அடையாளம் வைத்தாள். பிறகு, "காலையில நீங்களும் கூட வரணும்" என்றாள்.

மறுநாள் மதுரையில் அவள் தமிழ்ப் பதிவை எடுத்துக் காட்டி, அந்தச் சொல்லை விளக்கினாள். நீதிபதிகள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சில வாரம் கழித்து அப்பீல் தள்ளுபடியாகி, தண்டனை உறுதியானது. சீனியர் அவளைப் பாராட்டியபோது, "அதைக் கண்டுபிடிச்சது அக்காதான் சார்" என்றாள். நான் மூன்று நாள் வாய்மூடி இருந்ததை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பொறாமை என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது வரும்போதெல்லாம், எங்கள் இருவருக்கும் நடுவே யாருடைய வாழ்க்கை மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்க்க மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.