கல்லீரல் சுருங்கப் பதினான்கு நாள்

சித்திக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும். சும்மா சொல்லவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்தாள். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்தது. வாய் திறந்தபடி இருக்கிறது, மார்பு அசையவில்லை. பக்கத்து அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் கால் அதே நொடியில் நின்றது. அவர் எழுந்து வரவில்லை. காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு விரலை மடக்கி மடக்கி எண்ணினார். இருபத்தெட்டு வரை போயிற்று. பிறகு சித்தி, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்குகிறவளைப் போல, ஒரு இழுப்பு இழுத்தாள். மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அந்த வீட்டில் அது தினப்படி நடக்கிற விஷயம். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

சித்தி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையற்காரி. இருபத்துமூன்று வருஷமாக முந்நூறு பேருக்குச் சமைக்கிறாள். அங்கே யாரும் மீறாத ஒரு வழக்கம் உண்டு. சமைத்து இறக்கிய ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் சித்தி ஒரு கரண்டி எடுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "ம்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பரிமாறும் ஜன்னலின் ஷட்டர் ஏறும். எட்டுப் பாத்திரம், எட்டு "ம்". ருசி பார்ப்பதே ஒரு ஆள் சாப்பாடு. அதற்கு மேல் அவளுடைய சாப்பாடு வேறு. எடை நூற்று முப்பத்தொரு கிலோவுக்கு வந்து நின்றது. முட்டி வலியைச் சமாளித்தாள், ரத்த அழுத்தத்தைச் சமாளித்தாள். மூச்சு நிற்பதைச் சமாளிக்க வழியில்லை. இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்து, பதினான்கு மாதம் காத்திருந்து, ஒரு தேதி வாங்கினாள்.

தேதி குறித்த அன்று அவளுக்குத் துணையாகப் போனது நான். சித்தப்பாவும் வந்திருந்தார். ஆனால் மருத்துவர் பேசும்போது அவர் கீழே மருந்துக் கடை வரிசையில் புரதப் பவுடர் டப்பாவுக்காக நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கோணலாயிற்று.

மருத்துவர் ஒரு காகிதத்தில் பேனாவால் வரைந்தார். "இது இரைப்பை. இதுக்கு மேல மூடி மாதிரி கவுந்திருக்கறது கல்லீரல். இதைத் தூக்கிப் பிடிச்சாத்தான் நான் உள்ள வேலை செய்ய முடியும். உங்களுக்கு இதுல கொழுப்பு ஏறி வீங்கியிருக்கு."

"வீங்கியிருந்தா தூக்க முடியாதுங்களா?"

"தூக்கலாம். கிழிஞ்சுடும். கிழிஞ்சா ரத்தத்தை நிறுத்தறது கஷ்டம்." பேனாவை மூடினார். "அதுக்குத்தான் பதினாலு நாள் திரவ உணவு. பவுடர் கரைச்சது ரெண்டு வேளை, வடிகட்டின காய்கறி சூப்பு ரெண்டு வேளை, தண்ணி. கொழுப்பு உள்ள போகவே கூடாது. இது எடை குறைக்கறதுக்கு இல்லம்மா. என் கத்திக்கு இடம் வேணும்."

வெளியே வந்ததும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"கிழியும், ரத்தம் அப்படின்னெல்லாம் உங்க சித்தப்பாகிட்ட சொல்லி வைக்காத. அந்த மனுஷன் நேரா இங்கயே ஒரு கட்டில் கேட்டு வாங்கிப் படுத்துடுவாரு. பதினாலு நாள் திரவ உணவு. அவ்வளவுதான் விஷயம். சரியா?"

சரி என்றேன்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் தலைவலி பிடித்தது. பவுடரைக் குடித்துவிட்டு, "சுவத்துக்கு அடிக்கறதைக் கரைச்சுக் குடுத்துட்டாங்க" என்றாள். பசிக்கும்போதெல்லாம் பல் தேய்த்தாள், ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஐஸ் கட்டியை வாயில் போட்டு அதக்கிக்கொண்டாள். கேன்டீனுக்குள் நுழையும் முன் மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டாள், வெங்காயம் வதங்கும் வாசனை ஏறாமல் இருக்க. விடுப்பு எடுக்கலாமே என்றால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடுக்க வேண்டிய விடுப்பு அது.

ருசி பார்க்கும் வேலையை உதவிச் சமையற்காரியிடம் கொடுத்தாள். பரிமாறும்போது அளந்து அளந்து வைப்பதால் அந்தப் பெண்ணுக்குச் சின்னக்கை என்று பெயர்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? எனக்கு எதைத் தின்னாலும் நல்லாத்தான் இருக்கு."

"அதனாலதான் நீ இன்னும் சின்னக்கை. நாக்குல வெச்சுட்டுச் சும்மா இரு. எச்சில் தானா ஊறினா சரி. ஊறலைன்னா உப்பு பத்தல."

அன்று மதியம் ஜன்னலுக்கு வந்த ஒரு மெக்கானிக் ஒரு வாய் தின்றுவிட்டுச் சித்தியைப் பார்த்தார். "என்னக்கா, இன்னைக்குக் கடல் தண்ணிய மொண்டு வந்து காய்ச்சினீங்களா?"

"போப்பா. எனக்கு அதுகூட இல்ல."

மூன்றாம் நாள் சாயங்காலம் சித்தப்பா அவளை அழைத்துப்போக வந்தபோது, அவள் சாமான் அறையில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் நடுங்கின. செருப்பை மாட்டக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. சித்தப்பாதான் மாட்டிவிட்டார்.

மறுநாள் அவர் தன் தையல் கடையை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிட்டார். "இனிமே சூப்பு, பவுடர் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வந்து உக்காரு. நாள் பூரா அடுப்படியில நின்னுட்டு வீட்லயும் நிக்கணுமா?"

சித்தப்பாவைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒல்லியான ஆள். காதில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிறவர். துணியை மேஜையில் விரித்தால் அளவுக்கு மேல் இரண்டு விரற்கடை கூடுதலாகக் கோடு போட்டுவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவார். ஆள் பெருத்தால் பிரித்துவிடலாம், வெட்டிய பிறகு ஒட்ட முடியாது. அவருடைய தொழில் புத்தி முழுவதும் அந்த இரண்டு விரற்கடையில் இருந்தது. பெண்டாட்டியின் உடம்பில் கத்தி வைக்கப்போகிறார்கள். வைப்பதற்கு முன்னால் அவளை வற்ற வைக்கிறார்கள். கையிருப்பு இல்லாத உடம்பில் கத்தி பட்டால் அது எதை வைத்துத் தேறும்? யோசித்து யோசித்து அவருக்குக் கிடைத்த விடை வெண்ணெய்.

வடிகட்டிய சூப்பில் இரண்டு ஸ்பூன் வெண்ணெய். சூட்டில் கரைந்துவிடும். மேலே மிதக்கும் பளபளப்பைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுவார். பவுடருக்குத் தண்ணீருக்குப் பதில் ஏடு எடுக்காத பால், அதிலும் ஒரு கரண்டி கிரீம். எல்லாம் திரவம்தானே. பதினாலு நாள் திரவ உணவு என்றுதானே அவருக்குச் சொல்லியிருந்தது. கல்லீரலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் பிறகு அவர் வாயாலேயே எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தி தேறிவிட்டாள் என்பதுதான். ஐந்தாம் நாளே நடுக்கம் போய்விட்டது. தலைவலி இல்லை. பல் தேய்ப்பது பழையபடி இரண்டு தடவையாயிற்று.

மூன்று நாளைக்கு ஒரு தடவை சித்தப்பா இடுப்பளவு பார்ப்பார். ஏழாம் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். டேப்பைச் சுற்றிப் பிடித்து, அதன் மேல் குனிந்து, கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ஒன்னரை இஞ்ச் குறைஞ்சிருக்கு."

கையைத் தூக்கி நின்றிருந்த சித்தி குனிந்து பார்க்கவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா," என்றாள். "சரி."

டேப் அசையாமல் அதே இடத்தில்தான் நின்றது என்பதை அவர் அன்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயந்துவிடுவாளாம். தானும் பயந்துவிட்டதை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்று ராத்திரிச் சூப்பில் வெண்ணெய் குறையவில்லை.

பத்தாம் நாள் சித்தி வேலை செய்துகொண்டே ஏதோ முனகிப் பாடினாளாம். சின்னக்கை சும்மா இருப்பாளா? "பட்டினி கிடக்கற முகமா இது? கன்னத்தைப் பாருங்க. எனக்கும் அந்தப் பவுடர் ஒரு டப்பா வாங்கிக் குடுங்கக்கா." சமையற்கட்டே சிரித்தது. சித்தி பாடுவதை நிறுத்திவிட்டு, கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். எங்கம்மா போனில், "பாத்தியா, எவ்வளவு வைராக்கியம் அவளுக்கு" என்று பூரித்துப்போனாள். ஒவ்வொரு கோப்பையாக அவள் உள்ளே அந்த மூடி கனத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பதினான்காம் நாள் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். எடை பார்த்தார்கள். ஒன்றேகால் கிலோ குறைந்திருந்தது. குறைந்திருக்கிறதே என்று பார்த்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணி. அறுவை சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே திரை போட்ட ஓர் இடம். சித்தி பச்சை அங்கியில் தள்ளுக் கட்டிலில் படுத்திருந்தாள். முதுகுப் பக்கம் முடிச்சு எட்டாததால் இரண்டு அங்கியைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். சித்தப்பா அந்த இணைப்பைப் பார்த்து, "தையலாடா இது" என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு நர்ஸ் அட்டையோடு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடித்தாள்.

"கட்டுன பல்லு இருக்கா?"

"இல்ல."

"நகை?"

"எல்லாம் கழட்டியாச்சு."

"கடைசியாத் தண்ணி எப்ப குடிச்சீங்க?"

"நேத்து ராத்திரி பத்து மணிக்கு."

"பதினாலு நாளும் திரவ உணவு மட்டும்தானே? கொழுப்பு எதுவும் சேக்கலியே?"

சித்தி வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா சொன்னார். "ஆமா சிஸ்டர். நான்தான் பாத்துப் பாத்துக் குடுத்தேன்."

நர்ஸின் பேனா இறங்கியது. எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியாது. ஆனால் சித்தி கட்டிலின் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"இல்ல சிஸ்டர்," என்றாள். "டிக் போடாதீங்க. சூப்புல வெண்ணெய் இருந்துது. பால்ல கிரீம் இருந்துது. நாலாம் நாள்லேருந்து."

சித்தப்பாவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"முந்நூறு பேருக்கு ருசி பாக்கறவ நான். முதல் வாயிலயே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனே."

"நிறுத்தியிருப்பீங்க. அதான் சொல்லல." சித்தி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். காதோரம் கண்ணீர் வழிந்து அங்கிக்குள் போயிற்று. "பசிச்சுதுங்க."

கிழியும், ரத்தம் நிற்காது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டவள் அவள். தெரிந்தேதான் ஒவ்வொரு கோப்பையையும் குடித்திருக்கிறாள். அந்த அறைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தெரியும். அப்படியும் கதவு வரைக்கும் வந்துவிட்டாள்.

மருத்துவர் வந்தார். திட்டவில்லை. கட்டிலை அப்படியே ஸ்கேன் அறைக்குத் திருப்பச் சொன்னார். ஈரக் களிம்பைத் தடவி, கருவியை விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் ஒன்று பரந்து கிடந்தது. அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டே போனார். கருவி கீழே கீழே இறங்கியது.

"போன தடவையைவிடக் கொஞ்சம்கூடச் சுருங்கல," என்றார். "இன்னைக்கு நான் உள்ள போகமாட்டேன்."

அங்கேதான், அந்தத் திரைக்கு முன்னால்தான், சித்தப்பாவுக்குக் கல்லீரல் விஷயம் முழுதாகச் சொல்லப்பட்டது. மூடி, தூக்குவது, கிழிவது எல்லாம். அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு திரையைச் சுட்டிக்காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலில், "இதுல நான் போட்டது எவ்வளவு டாக்டர்?" என்றார்.

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க."

"நீங்க போட்டதுதான்," என்றாள் சித்தி. "குடிச்சது நான்."

எனக்கு இருவர் மேலும் கோபம் வரவில்லை. அந்தச் சரியைச் சொன்ன என் வாய் மேல்தான் வந்தது.

அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துக் கிடைத்தது. அதில் கடைசி மூன்று வாரம் திரவ உணவு. அதுவரைக்கும் மல்லாந்து படுக்கக்கூடாது, உட்கார்ந்த வாக்கில்தான் தூங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஐந்து வாரத்துக்குள் மூச்சு ஒரு தடவை நின்று, திரும்பி வராமல் போனால் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மருத்துவரும் சொல்லவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் சித்தி சொன்னாள், "இனிமே என் கோப்பையை நானே கரைச்சுக்கறேன். நீங்க சமையக்கட்டுப் பக்கமே வராதீங்க."

"சரி."

"நான் கெஞ்சினாலும் வராதீங்க."

ஆட்டோ இரண்டு தெரு தாண்டியது.

"கெஞ்சாதம்மா," என்றார்.