அப்பா அடைத்த சன்னல்கள்

ஜொகூரில் குளிரா என்று கடல்தாண்டி ஊரிலிருந்து வந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வருடக் கடைசி மழையில் பண்டார் தெங்காராவின் மலிவுவிலை வீடொன்றில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு அவர் சிரிக்கட்டும். சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் குளிர் ஜிவ்வென்று ஏறும். துவைத்த துணி காயாமல் நாறும். அப்படியொரு மழைக்காலத்தில்தான் என் மகள் ஒரு மாதம் முந்திக்கொண்டு பிறந்தாள். உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போலிருந்தாள். "ஒடம்பு சூடு கொறையாமப் பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

அம்மா அப்போது உயிரோடு இல்லை. கணவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். ஆகவே வீட்டைத் தயார்செய்ய ரெங்கம் என்ற சிற்றூரிலிருந்து அப்பா வந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் காலமெல்லாம் பாய்லரோடு மல்லுக்கட்டிய மனிதர். சூடு வெளியே போகாமல் அடைக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே நிறுத்துவது என்றுதான் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளையோடு வந்து இறங்கியபோது எனக்கு வீடே அடையாளம் தெரியவில்லை. சன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துளைகளில் பழைய கைலிகளைச் சுருட்டித் திணித்திருந்தார். கதவிடுக்கில் அரிசிச் சாக்கு. தரையெங்கும் ரப்பர் பாய். நான் மறந்துகூட மின்விசிறியைப் போட்டுவிடக் கூடாதென்று சுவிட்சின்மேல் டேப் ஒட்டியிருந்தார். படுக்கையறை சன்னலில்தான் உச்சம். எங்கிருந்தோ ஒரு தேர்தல் பேனரைக் கொண்டுவந்து ஆணியடித்திருந்தார். தோற்றுப்போன வேட்பாளர் கைகூப்பிச் சிரித்தபடி என்னிடம் இரவெல்லாம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வியர்த்து ஊற்றியது எனக்குத்தான். மகளின் பாதங்கள் சில்லென்றே இருந்தன. பால் குடிக்கவும் சோம்பினாள். அப்பா இன்னொரு கம்பளி போர்த்துவார், தொட்டுப் பார்ப்பார், முகம் சுண்டிப்போய் வெளியே போவார். பிள்ளை நமக்குத் தங்குமா என்று நான் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்தார். தமிழ்த் தாதிதான். அறைக்குள் நுழைந்ததுமே பேனரைப் பார்த்து இடுப்பில் கைவைத்தார்.

"அலமாக்! பிள்ளை பெத்தவ ரூம்ல இவருக்கு என்னா வேலை? மூச்சு முட்டுது. மொதல்ல சன்னலைக் கொஞ்சம் தொறங்க அங்கிள்."

அப்பா பேனரின் ஆணிகளைப் பிடுங்கினார். மாலையில் புகை போட எடுத்துவைத்திருந்த சாம்பிராணித் தட்டும் வெளியேறியது. மிஸ்ஸி பிள்ளைக்குச் சூடு பார்த்தார்.

"கொறைவாத்தான் இருக்கு. வீட்டை மூடினா மட்டும் பத்தாது. ஒடம்போட ஒடம்பு ஒட்டியிருக்கணும், நெஞ்சுல போடுங்க."

போட்டுக்கொண்டேன். ஆனால் பிரசவ அறுவைசிகிச்சைத் தையல், கொஞ்ச நேரத்துக்குமேல் தாங்கவில்லை. மிஸ்ஸி அப்பாவிடம் திரும்பினார்.

"அங்கிள், குளிச்சிட்டு வாங்க. சட்டை வேணாம்."

அப்பா ஓரடி பின்வாங்கினார். "நானா?"

"வேற யாரு, அந்த வேட்பாளரா?"

அப்பா குளித்துச் சவுக்காரம் மணக்க வந்து, கட்டிலில் என் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அணையாடையும் தொப்பியும் மட்டும் அணிந்த பிள்ளையை அவருடைய நரைத்த நெஞ்சில் கிடத்தி, மிஸ்ஸி போர்வையால் மூடினார். அப்பா மூச்சுவிடவே யோசித்தார். மிஸ்ஸி கிளம்புமுன் மறுபடி சூடு பார்த்தார். "இப்ப ஓகே லா அங்கிள். இப்படியே வச்சிருங்க."

மகளின் பாதத்தைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்காக மட்டும் அழுததாகச் சொல்ல மாட்டேன். அவள் படுத்திருந்த இடத்தின்மேல் எனக்குப் பொறாமையும் இருந்தது.

"நான் பொறந்தப்போ என்னை இப்படித் தூக்கினீங்களாப்பா?"

போர்வைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார்.

"ஆலையிலேர்ந்து வர்ற கைம்மா. எவ்ளோ கழுவினாலும் கரி போவாது. நீ வெள்ளைத் துணியில கெடந்த. தொட பயந்துக்கிட்டு வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிருவேன்."

நான் தையலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து அவர் தோளில் தலைசாய்த்தேன். அவர் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை என் தலையில் வைத்தார்.