வாள் உருவும் சத்தம்

மாதம் ஒருமுறை நண்பர்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்புவது என் வழக்கம். பயன்படுகிற மென்பொருள் நாலு, அடுத்த பருவத்தில் வரப்போகிற அனிமே தொடர் நாலு. யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் அனுப்புகிறேன். இந்த மாதம், தானாகவே தமிழ் சப்டைட்டில் போட்டுத் தரும் ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்த்தேன். தொடரில் ஒருவன் வாளை உருவினான். திரையின் அடியில் ‘[சத்தம்]’ என்று விழுந்தது. என் நாக்கு தன்பாட்டுக்கு உடைந்த முன்பல்லைத் தடவியது.

அந்தப் பல்லை உடைத்தவன் துரை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் இருவரும் வேலை பார்த்தோம். காலையெல்லாம் பட்டா மனு, சாதிச் சான்று. கூட்டம் கம்மியான மத்தியானங்களில் அனிமே. எங்களுக்கு வெட்டுக்குத்து இருந்தால்தான் தொடர். கை பறக்க வேண்டும், ரத்தம் சுவரில் அடிக்க வேண்டும். கவுண்டரில் வந்து கத்துகிறவர்களை எல்லாம் அந்த வாளால் மனசுக்குள் வெட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம்.

துரை பார்ப்பதோடு நிற்கவில்லை. அடி அண்ணாமலை கிராமத்து வீட்டில் அவன் தங்கை கலா இருந்தாள். பிறவியிலேயே காது கேட்காது. அனிமே என்றால் உயிர், ஆனால் இங்கிலீஷ் வராது. அவளுக்காக ஒரு தொடர் முழுவதையும் வரிவரியாகத் தமிழில் சப்டைட்டில் அடித்தான். சத்தத்தையும் விடமாட்டான். கேட்டே அறியாதவளுக்குச் சத்தத்தை எப்படிச் சொல்வது? உடம்புக்குத் தெரிந்ததைச் சொன்னான். இடிக்கு, ‘கரும்பு லாரி போகும்போது தரையில கை வச்ச மாதிரி’. வாள் உருவினால், ‘பச்சைப் புளியங்காயக் கடிச்சா பல்லு கூசுமே, அது’. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் அவள் இதைப் பார்த்து முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் கொண்டுபோவதாக இருந்தான்.

சனிக்கிழமை டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை அழித்துவிடும் மென்பொருள் ஒன்று அப்போது என் குறிப்பில் முதலிடத்தில் இருந்தது. பெயரை மட்டும் ஒப்பிடச் சொல்லி ஓட்டினேன். சப்டைட்டிலுக்கு வீடியோவின் பெயரையே வைத்தால்தான் படத்தோடு தானாக ஓடும். அதனால் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் ஒரே பெயர், ஃபோல்டர்தான் வேறு. இது தெரிந்திருந்தும் மறந்துபோனேன். துரையின் தமிழ் மொத்தமும் போய்விட்டது. பதறிப்போய், அழிந்ததை மீட்கும் இன்னொரு மென்பொருளை இறக்கி அதே டிஸ்கில் போட்டேன். அழிந்த கோப்புகள் கிடந்த இடத்திலேயே அது ஏறி உட்கார்ந்துகொண்டது, இனி மீட்க வழியில்லை. இரண்டுமே என் சிபாரிசு.

டீ குடித்துவிட்டு வந்த துரையிடம் சொன்னேன். “இன்னாடா சொல்ற?” என்றான் மெதுவாக. நான் அதோடு வாயை மூடியிருக்கலாம்.

“பொம்மைப் படம்தானடா, திரும்ப அடிச்சிக்கலாம்.”

கீபோர்டு என் வாயில் இறங்கியது. பல் தெறித்தது, எழுத்துக் கட்டைகள் தரையெல்லாம் சிதறின. பேப்பரில் ஓட்டை போடும் இரும்பு மெஷினை எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். தோல் கிழிந்து ரத்தம் அவன் கண்ணுக்குள் வழிந்தது. என்னைப் பிரின்டர் மேல் சாய்த்துக் கழுத்தை நெரித்தான். வரிசையில் நின்றவர்கள் பிய்த்தெடுத்தார்கள். யாரோ ஒருவரின் பட்டா மனு முழுக்க எங்கள் ரத்தம். அனிமேயில் அது பீறிட்டு அடிக்கும். நிஜத்தில் பிசுபிசுவென்று ஒழுகுகிறது, துருவாடை அடிக்கிறது.

“நாளைக்கு கலா வாசல்லயே நிக்கும்டா. நான் இன்னான்னு சொல்றது?” என்று அழுதான். அப்புறம் அவன் வேலைக்கு வரவில்லை.

மன்னிப்புக் கேட்க அடி அண்ணாமலைக்கு, அவன் வீட்டுக்குப் போனேன். கலாதான் கதவைத் திறந்தாள். என் பல்லைப் பார்த்தாள். ஓங்கி ஒரு அறை விட்டுக் கதவைச் சாத்தினாள். எனக்கு அது வேண்டியதுதான்.

அந்த சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. துரை எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இந்தப் புது மென்பொருளுக்கு ஒரு தொடர் முழுவதையும் தமிழாக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ‘[சத்தம்]’ என்பதை அழித்துவிட்டுப் புளியங்காய் வரியை நானே அடித்தேன். அடுத்து இடி வந்தது, லாரியைப் போட்டேன். அப்புறம் மழை. மழைக்கு அவன் என்ன எழுதியிருந்தான்? எவ்வளவு முட்டிக்கொண்டும் ஞாபகம் வரவில்லை. கலாவைக் கேட்கலாம் என்றால், அவள் அதைப் படிக்கவே இல்லை.