இன்னும் தயாரில்லீங்க

எங்கள் கட்டடத்தின் மாடியை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும். காந்திபுரம் டவுன்பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அந்தக் கட்டடம். கீழே என் பிரவுசிங் சென்டர். வரதராஜுலு கடை என்றால் அக்கம்பக்கத்தில் தெரியும். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பஸ் டிக்கெட், பிள்ளைகளின் நுழைவுத் தேர்வு விண்ணப்பம் எல்லாம் இங்கே நடக்கும். மேலே ஒரு கோச்சிங் சென்டர். அதன் பெயரைச் சொல்லி என் வாயை அழுக்காக்கிக்கொள்ள மாட்டேன். மாடி என்றே சொல்கிறேன், உங்களுக்கும் அது போதும்.

அந்த மாடியில் போன் பேசிப் பிழைத்தவள் ஷைலா. அன்னூர்க்காரி, நாற்பதைத் தொட்டவள். அப்பா அன்னூர் சந்தையில் காய்கறி ஏலம் கூவியவர். குரல் அவர் கொடுத்த சொத்து. அவர் கூவினால் சந்தையே திரும்பிப் பார்க்கும். மகள் பேசினால் எதிரில் இருப்பவர் குரலைத் தணித்துக்கொள்வார். சர்ச் கொயரில் முன்வரிசை. தபாலில் பி.காம். முடித்து ஒரு நூல்மில் ஆபீஸில் கணக்கெழுதினாள். மில்லை மூடினார்கள். ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்கார்ந்தாள். டோக்கன் மெஷின் வந்தது, ஆள் வேண்டாம் என்றார்கள். கணவன் மெல்வின் கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். வேலை இருக்கும் வாரமும் உண்டு, இல்லாத வாரமும் உண்டு. அப்படித்தான் அவள் மாடி ஏறினாள். மதியமானால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு இறங்கி வருவாள். மேலே சாப்பிட இடம் கிடையாது. ஏசி ரூமில் குழம்பு வாசம் வரக்கூடாதாம்!

மாடிக்கு மேனேஜர் வம்சி என்றொரு இளவட்டம். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பான். ஷைலா முதல் நாள் ஒரு அப்பாவிடம் பேசியதைக் கேட்டுவிட்டு அவன் அசந்துபோனானாம். 'சாப்ட்டீங்களா சார், தொந்தரவு பண்ணலீங்களே' என்று அவள் ஆரம்பித்தால் எந்த ஊர்க்காரரும் போனை வைக்க மாட்டார்கள். நம் பக்கத்து ஆட்களின் கோளாறு அதுதானே. மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. வம்சி அவள் பேச்சைப் பதிவு செய்து, மற்ற பெண்களுக்குப் போட்டுக் காட்டி, இதேபோலப் பேசுங்கள் என்றான். நம்முடைய மரியாதையை எடுத்து அவன் தூண்டில் புழுவாக மாட்டினான். சீ என்று துப்பத் தோன்றும் எனக்கு.

தூண்டில் எதற்கு என்றால், அவர்கள் நடத்திய 'தயார்நிலைத் தேர்வு'க்கு. தெருமுனையில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'நுழைவுத் தேர்வுக்கு உங்கள் பிள்ளை தயாரா? இலவசமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.' ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கும். மாடியில் ஆளுக்கொரு டேப்லெட் கொடுப்பார்கள். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே போனில் எழுதலாம். எழுதி முடித்த கொஞ்ச நேரத்தில் மார்க் வரும், கூடவே பெற்றோருக்குப் போன் வரும். இத்தனை பிள்ளைகள் எழுதினார்களே, ஒரு பிள்ளையாவது தயார் என்று வந்ததா? நானறிய இல்லை. தயார் என்று சொல்லிவிட்டால் அப்புறம் கோச்சிங்கில் யார் சேருவார்கள்? இதை நான் ஷைலாவிடம் கேட்டபோது, "கம்ப்யூட்டர் திருத்துதுங்கண்ணா, அதுல என்ன சூது இருக்குது?" என்றாள். அவள் அதை மனதார நம்பினாள்.

அப்படி வந்து எழுதியவள்தான் ரூபினா. கோட்டைமேட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் முஸ்தபா பாயின் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று பத்தாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை. அதற்குப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் முன்பு இலவசமாக ஒன்றை எழுதிப் பார்த்துவிடலாம் என்று வந்தாள். கூட வந்த பிள்ளைகளெல்லாம் இறங்கிப் போன பிறகும் ஒரு கேள்வி விடாமல் எழுதிவிட்டுக் கடைசியில் இறங்கினாள். கைவிரலில் பேனா மை. ரஃப் போட்ட தாள்களை மேலே குப்பையில் போட மனமில்லாமல் மடித்து எடுத்து வந்திருந்தாள்.

அன்றைக்கே ஷைலா பாய்க்குப் போன் செய்தாள். எல்லாருக்கும் சொல்கிற அதே வரிகள். "பொண்ணுக்குத் தெறம நெறைய இருக்குதுங்க. ஆனா இன்னும் தயாரில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, கெமிஸ்ட்ரில அடித்தளமே பத்தலைங்க. இப்படியே பெரிய பரிச்சைக்குப் போனா கொழந்தை மனசு ஒடஞ்சு போயிருமுங்க." இதில் 'தப்பா நெனச்சுக்காதீங்க' மட்டும் ஷைலா சேர்த்தது. அந்த ஒரு வார்த்தையால் சேர்க்கை கூடுகிறது என்று வம்சி அவளுக்குக் கைதட்டச் சொன்னானாம்.

இதைக் கேட்கிற எல்லாரும் பயந்து ஓடிவந்து மகனையோ மகளையோ சேர்த்துவிடுவார்கள். மாடி அதைத்தான் எதிர்பார்க்கும். பாய் அப்படிச் செய்யவில்லை. இரண்டொரு நாள் கழித்து மதியம், ஷைலா என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் புத்தம் புதுத் தலையணை ஒன்று.

"ஏனுங், ஷைலா மேடம்ங்கறது?"

"நாந்தானுங்க."

"முஸ்தபாங்க. ரூபினாவோட அத்தா. மாடி ஏற முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. இத வாங்கிக்கங்க அம்மணி, நானே பஞ்சு அடிச்சுத் தச்சது. எல்லாரும் பொண்ணு கெட்டி, கெட்டின்னு ஏத்திவிட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளத உள்ளபடி சொன்னீங்க. பெரிய பரிச்சைக்கு எழுதிப்போட வேண்டாம்னு முடிவு பண்ணிப்போட்டோமுங்க. இங்கயே ஏதோ ஒரு காலேஜ்ல சேத்தியுட்டர்றேன்."

ஷைலாவின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "ஐயோ, அப்படி இல்லீங்க. கோச்சிங்ல சேந்து படிச்சா…"

"வேண்டாமுங்க. ஒடஞ்சு போயிருவான்னு நீங்கதானுங்க சொன்னீங்க. புள்ள ஒடஞ்சு எனக்கு என்னாத்துக்குங்க அந்தப் படிப்பு?"

கும்பிட்டுவிட்டுப் போனார். பரீட்சை என்று ஒன்று வைத்தால் அதை யாரோ திருத்தியிருப்பார்கள், திருத்தினவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனிதர். இப்படி ஒருவர் வரக்கூடும் என்று அந்த மாடியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஷைலா கையைக் கழுவிக்கொண்டு நேராக மேலே போனாள். ரூபினாவின் விடைகளை எடுத்துக் காட்டுங்கள், எந்தெந்த விடை சரி என்று பாய்க்குச் சொல்லித் தைரியம் கொடுக்கிறேன் என்று வம்சியிடம் கேட்டாள். அவன் சிரித்தானாம். "ஆன்ஸரா? அதெல்லாம் ஸ்டோர் பண்றதே இல்ல மேடம். இது லீட் எடுக்கிற ஃபார்ம், பேரன்ட்ஸ் நம்பர் வாங்கறதுக்கு. மார்க்க அதுவா போட்டுக்கும்."

கீழே வந்து இதை என்னிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள் ராப்பகலாகப் படித்துவிட்டு வந்து, மூன்று மணி நேரம் தலை நிமிராமல் எழுதுகிறார்கள். அதை ஒரு நாய்கூட மோந்து பார்க்கவில்லை! அழுகின தக்காளியை விற்கிறவன்கூட ஒரு தடவை தக்காளியைப் பார்க்கிறான்.

"எத்தன பேருத்துக்குச் சொல்லியிருப்பனுங்கண்ணா, தயாரில்லீங்க, தயாரில்லீங்கன்னு? அத்தனையும் என் வாயில வந்துதுங்களே," என்றாள். தலையணையை வீட்டுக்கு எடுத்துப் போக மறுத்துவிட்டாள். அது என் ஜெராக்ஸ் மெஷின் மேலேயே கிடந்தது.

அங்கேயே உட்கார்ந்து பாய்க்குப் போன் போட்டாள். நான் சொன்ன மார்க் பொய், பொண்ணை எழுத விடுங்கள் என்றாள். அவரோ, "எம்பொண்ணுக்கு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்க மனசு ஆருக்கு வருமுங்க," என்று உருகிவிட்டார். மறுபடி போட்டாள், மறுபடி உருகினார். அவள் குரலில் அந்தச் சனியன் பிடித்த மரியாதை ஊறிப்போயிருந்தது. பொய்யைச் சொன்னாலும் உண்மையைச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் கேட்டது.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் வந்தேவிட்டது. அன்று சாயங்காலம் அவள் பாயிடம் வேறு ஒன்றும் பேசவில்லை. "ரூபினாவோட சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துட்டு, அவளையும் கூட்டிட்டு ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போங்க. எனக்காகங்க," என்றாள். ஒரு பெண் இப்படிக் கேட்டு மறுக்க அவருக்கு வராது. வந்தார். ரூபினா அவருக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

ஷைலா அவரை என் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தாள். திரையில் மாடியின் அதே தயார்நிலைத் தேர்வு. மாணவர் பெயர் என்ற இடத்தில் முஸ்தபா என்று தட்டினாள். பெற்றோர் போன் நம்பர் என்ற இடத்தில் அவருடைய நம்பரே.

"நீங்க எழுதுங்க."

"நானுங்களா? அஞ்சாவதோட நின்னவனுங்க நான். இங்கிலீசு ஒரு எழுத்து தெரியாதுங்களே!"

"எழுதச் சொல்றேன்ல, எழுதுய்யா!"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷைலாவின் வாயிலிருந்து மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். அப்பாவின் ஏலக் குரல் அது. பாய் ஆடிப்போய் மௌஸைப் பிடித்தார். எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்தையே அமுக்கிக்கொண்டு போனார். கெமிஸ்ட்ரி வந்ததும் கூச்சப்பட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முடித்ததும் மார்க் வந்தது.

முஸ்தபாவுக்கு அறுபத்திரண்டு. ரூபினாவுக்கு வந்தது அறுபத்தொன்று. கீழே இருந்த வரியை நான் சத்தமாக வாசித்தேன். "திறமை உண்டு. இன்னும் தயாரில்லை. வேதியியலில் அடித்தளம் போதாது." ரூபினாவின் போனில் இருந்ததும் எழுத்துப் பிசகாமல் அதேதான்.

பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எம்பொண்ணு எழுதினத ஆருமே பாக்கலீங்களா?"

"பாக்கல. நானும் பாக்காமத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன்," என்றாள் ஷைலா. இனி அந்தப் படி ஏற மாட்டேன் என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். ஐடி கார்டை என் மேஜை டிராயரில் போட்டுவிட்டாள்.

பாய் எழுந்து ஜெராக்ஸ் மெஷின் மேலிருந்த தலையணையை எடுத்தார். ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். அவள் மடியில் வைத்தார். "இன்னைக்காச்சும் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க அம்மணி." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நாயுடு, பெரிய பரிச்சைக்குப் போடுங்க. சீக்கிரமுங்க."

கடைசி நாள் என்பதால் இணையதளம் மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தது. போட்டோ ஏறியது, கையெழுத்து ஏறியது, சாதிச் சான்றிதழ் பாதியில் நின்று திரும்பவும் ஏறியது. நான் சாமி பெயரையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே தட்டினேன். பணமும் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பக்கம் வந்தபோது பாயின் போன் அடித்தது. ஷைலா நம்பரைப் பார்த்தாள். மாடி.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள்.

"வணக்கமுங்க சார், சாப்ட்டீங்களா? மாணவர் முஸ்தபாவோட அப்பாங்களா?" புதிதாகச் சேர்ந்த பெண். குரலில் அப்படியே ஷைலா. எங்கள் தலைக்கு மேலே அதே பேச்சு லேசாகக் கேட்டது. "பையனுக்குத் தெறம நெறைய இருக்குதுங்க. ஆனா…"

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றாள் ஷைலா முணுமுணுப்பாக.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்," என்றது போன்.

ரூபினா வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பாய் போனை வாயருகே கொண்டுபோனார்.

"ஏனுங் அம்மணி, பையன் எழுதினத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தனுங்க சார். ஒவ்வொரு கேள்வியா பாத்தனுங்க."

பாய் போனை அணைக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் அப்படிச் செய்ய அவருக்கு அப்போதும் மனம் வரவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். மகளின் கையைப் பிடித்து மௌஸின் மேல் வைத்தார்.

"நீயே அமுக்கு கண்ணு."

ரூபினா சமர்ப்பி என்ற பொத்தானை அமுக்கினாள். கவிழ்ந்து கிடந்த போனில் அந்தக் குரல் இன்னும் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது, இன்னும் தயாரில்லீங்க சார், பையன் இன்னும் தயாரில்லீங்க.